பொன்னம்மாளின் கால்கட்டு

மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு தேதி தவறாமல் வரும். ஏமி கார்மைக்கேலுக்கு அது 1892 ஜனவரி 13. அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது 24 வயது. ‘போ’ என்ற கட்டளை தனக்குக் கேட்டதென்று மறுநாளே அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். பிறகு நடந்த எல்லாமே அந்த ஒரு நாளிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. 1893இல் ஜப்பான், உடல்நலம் கெட்டு இலங்கை வழியாக வீடு திரும்பியது, 1895 நவம்பரில் பெங்களூர், அடுத்த ஆண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமை. 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை அவர் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. நீலக் கண் கேட்டு ஜெபித்த சிறுமிக்குக் கடவுள் ஏன் பழுப்புக் கண்ணையே விட்டுவைத்தார் என்ற கதை எங்கள் பக்கத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம்.

அவரோடு அதே மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போன பொன்னம்மாளுக்கு ஊரறிந்த தேதி எதுவும் கிடையாது. பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அவரைப் பற்றி ஏமி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். பொன்னம்மாளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த நூலின் வழியாக வந்ததுதான். அதனால் அதை இரண்டு விதமாக வாசிக்க வேண்டியிருக்கிறது. நன்றியோடு ஒருமுறை, சந்தேகத்தோடு ஒருமுறை. ஒரு இளம்பெண் ஊழியத்துக்குப் போய்த் தன் வாழ்வுக்கான பொருளையும் விசுவாசத்தையும் கண்டடைகிறாள் என்பது உலகெங்கும் சொல்லப்படும் கதை. அதே வண்டியில் இரண்டு பெண்கள் ஏறும்போது இருவரும் கண்டடைவது ஒன்றுதானா என்பதே என் கேள்வி.

பொன்னம்மாள் இளம் கைம்பெண். பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டில் இருந்தார். கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிவிடுவதில்லை. கைம்பெண் முன்வாசலுக்கு வரக்கூடாது, அடுக்களையோடு கிடக்க வேண்டும் என்ற நியதி வேதம் வாசிக்கும் வீடுகளிலும் அப்படியே இருந்தது. அந்த அடுக்களையிலிருந்து அவர் வண்டிக்கு வந்தார். 1890களின் பிற்பாதி. சர்ச் மிஷனரி சங்கத்தின் தாமஸ் வாக்கரும் அவர் மனைவியும் பண்ணைவிளையில் தங்கியிருந்தார்கள். அவர்களோடு இருந்த ஏமி, தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக ஆரம்பித்தார். சம்பளத்துக்காக அல்லாமல் வருகிறவர்களாகத் தேடினார். அந்தக் குழுவுக்கு ஊர்க்காரர்கள் ‘நட்சத்திரக் கூட்டம்’ என்று பெயர் வைத்ததாக ஏமி எழுதுகிறார். பகடியாக வைத்தார்களா, பிரியமாக வைத்தார்களா என்பது தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். ஆண் துணையின்றி, கூண்டு வண்டியில் விடிகாலையில் புறப்பட்டு வரும் பெண்களைப் பார்த்து நம் ஊர் வேறு என்ன சொல்லும்?

அந்தக் காலத்து எழுத்தில் கைம்பெண்ணுக்கு என்ன வழி திறந்திருந்தது என்று பார்த்தால் இந்த வண்டியின் அருமை தெரியும். அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ 1903இல் நூலாக வந்தது. அதே 1903இல்தான் ஏமியின் முதல் பெரிய நூலும் லண்டனில் வந்தது. அது இந்திய மிஷன் வேலையின் தோல்விகளை ஒளிக்காமல் சொன்னதால், முதலில் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாதவையா பிறந்த ஊர் பெருங்குளம். பண்ணைவிளைக்குப் பக்கத்து ஊர். ஏமியின் வண்டி போய்வந்த அதே மண். முத்துமீனாட்சி தன் கதையைத் தானே சொல்கிறாள், தமிழில் அது பெரிய துணிச்சல். ஆனால் சீர்திருத்தவாதியான மாதவையா அவளை மறுமணத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு. பொன்னம்மாளுக்கு அமைந்த வழியில் இன்னொரு வீடு இல்லை, தெரு இருந்தது. அடுத்த ஊர்த் திண்ணை இருந்தது. முன்பின் தெரியாத பெண்கள் முன்னால் உட்கார்ந்து பேசும் வேலை இருந்தது. விசுவாசத்தின் உள்ளே என்ன நடந்தது என்பதை நாம் அளக்க முடியாது. கால் எங்கே போனது என்பதைப் பார்க்க முடியும். அதையும் விசுவாசத்தின் பகுதியாகவே நான் வாசிக்கிறேன்.

நகைக் கதையை இங்கே சொல்ல வேண்டும். குழுவின் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நகைகளைக் கழற்றினார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணம் இது: கூட்டம் ஒன்றில் ஒரு சிறுமி, தானும் பெரியவளானதும் இந்தக் குழுவில் சேர்ந்து அந்த அக்கா மாதிரி நகை போட்டுக்கொள்வேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அது பொன்னம்மாள் காதில் விழுந்தது. அவர் கழற்றிவிட்டார். ஏமியின் பார்வையில் இது துறவு. கடவுளுக்காக ஒன்றை விடுவது, அவ்வளவுதான். வாசகி தமிழச்சியாக இருந்தால் அவ்வளவோடு நிறுத்த முடியாது. பாம்படத்தால் காது தோளைத் தொட்ட ஊர் இது. நகை இங்கே அழகுக்கு மட்டும் உரியதன்று. பெண்ணின் கையில் இருக்கும் ஒரே சொத்து அது, அடகு வைக்க, மகளுக்குக் கொடுக்க, பசிக்கு விற்க. அதைக் கழற்றுவது என்ற செயலுக்கும் நம்மிடம் ஒரு சடங்கு உண்டு. கணவன் இறந்தபின் மற்ற கைம்பெண்கள் சூழ்ந்து நின்று கழற்றுவார்கள். கழற்றுவது ஒன்றேதான். யார் கை கழற்றுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சமூகம் பிடுங்கியிருக்க வேண்டியதைத் தன் கையால் எடுத்து வைத்துவிட்ட பெண்ணிடம் இனி யார் எதைப் பிடுங்க முடியும்? அதனால்தான் கிறிஸ்தவக் குடும்பங்களே இதை அவமானமாக நினைத்தன என்று எனக்குத் தோன்றுகிறது. மூளியாக நிற்கும் பெண் அந்தக் குடும்பத்தின் கௌரவத்தைக் கெடுக்கிறாள், கேட்டால் கடவுள் பெயரைச் சொல்கிறாள், பதில் சொல்ல வாய் வராது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நகை போனதோடு அவருக்கென்று இருந்த சேமிப்பும் போயிற்று. அதன் பிறகு அவருக்குச் சோறும் கூரையும் அந்தக் குழுதான். ஏமிக்கு இங்கிலாந்தில் பணம் அனுப்பும் நண்பர்களும், திரும்பிப் போக ஒரு கப்பலும் இருந்தன. அவர் போகவில்லை என்பது வேறு. பொன்னம்மாளுக்கு அந்த அடுக்களையைத் தவிர வேறு இடமில்லை. துறவு என்ற ஒரே சொல்லால் இரண்டு பேரையும் அளக்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு ‘ஊழியம்’ என்று பெயர். தமிழ் படித்தவள் என்பதால் இந்தச் சொல்லிடம் கொஞ்ச நேரம் நிற்கிறேன். தெற்கே திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. அரசுக்கும் கோயிலுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியார் சுமக்க வேண்டிய சுமை. கிறிஸ்தவர்களான நாடார்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமாவது அந்த ஊழியத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று மிஷனரிகள் மன்றாடி வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊழியத்திலிருந்து தப்பிக் கோயிலுக்கு வந்தவர்கள், அங்கே கடவுளுக்குச் செய்யும் வேலைக்கும் அதே சொல்லைக் கேட்டார்கள். யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. எனக்கு உறுத்துகிறது. விரும்பிச் செய்யும் சேவையையும் மறுக்க முடியாத வேலையையும் ஒரே சொல் சுமக்கும்போது, ஒருத்தி ‘ஊழியத்துக்குப் போகிறேன்’ என்றால் அவள் போகிறாளா, அனுப்பப்படுகிறாளா என்று மொழி நமக்குச் சொல்லாது.

முக்கூடலில் நான் வளர்ந்த தெருவுக்கு ஒரு பைபிள் அம்மா வருவார். தாமிரபரணிக் கரையில் முத்துமாலை அம்மன் கோயிலும் பீடியும்தான் எங்கள் ஊருக்கு அடையாளம். மடியில் சுளகை வைத்துக்கொண்டு வாசலில் வரிசையாகப் பெண்கள் பீடி சுற்றுவார்கள். பைபிள் அம்மாவும் ஒரு சுளகை வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டே இலை வெட்டித் தருவார். கடிதம் வாசித்துச் சொல்வார், மனு எழுதித் தருவார், கடைசியில் ஒரு ஜெபம். எங்கள் தெருவில் யாரும் மதம் மாறவில்லை. ஆனால் அவர் வராத வாரம் எல்லோரும் கேட்பார்கள். என் அம்மா ஒருநாள் அவரிடம், “ஒனக்கென்ன தாயி, ஊரு ஊராப் போற, ஒருத்தரும் ஏன்னு கேக்கதில்ல” என்றது நினைவிருக்கிறது. அதில் பொறாமை இருந்தது. அம்மா அவர் கொண்டுவந்த புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவர் இறங்கிவந்த பஸ்ஸைப் பார்த்தாள். ஏமியின் நூல்களில் வரும் திண்ணைப் பெண்கள் பலரும் பொன்னம்மாளை அப்படித்தான் பார்த்திருப்பார்கள். நற்செய்தியைக் கேட்டு முகம் மலர்ந்தவர்கள், முகம் திருப்பியவர்கள் என்று ஏமி இரண்டு வகையாகப் பிரிக்கிறார். வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

1901 மார்ச் மாதம் கதை திரும்புகிறது. பெருங்குளத்தில் கோயிலுக்குப் பொட்டுக்கட்ட வைத்திருந்த வீட்டிலிருந்து பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பிப் பண்ணைவிளைக்கு வந்து சேர்ந்தாள். முன்பே ஒருமுறை தூத்துக்குடியிலிருந்த அம்மாவைத் தேடி ஓடியவள், திரும்பப் பிடித்துக் கொடுக்கப்பட்டுக் கையில் சூடு வாங்கியவள். அவளுக்குப் பிறகு இன்னும் பல பிள்ளைகள். வண்டிக் குழு டோனாவூரில் நிலைகொண்டது. 1913 வாக்கில் 130 பிள்ளைகள் இருந்தார்கள். (தேவதாசி வீடுகளின் பெண்கள் ஏமியின் நூல்களில் பெரும்பாலும் இருட்டாகவே வருகிறார்கள். அந்த வீட்டுக்குள்ளிருந்தே எழுந்த குரலைக் கேட்க 1936இல் மூவலூர் இராமாமிர்தம் நாவல் எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

ஊர் ஊராகப் போவதா, பிள்ளை வளர்ப்பதா என்று ஏமி தயங்கியிருக்கிறார். பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும் என்று தமிழில் ஒரு பழமொழி உண்டென்று அவரே குறிப்பிடுகிறார். பிறகு, கட்டட்டும் என்று காலைக் கொடுத்தேன் என்ற பொருளில் எழுதுகிறார். அவர் நூல்களில் என்னை அதிகம் தொட்ட இடமும் அதிகம் தொந்தரவு செய்த இடமும் இதுதான். ஏமியின் காலைப் பற்றி ஏமி முடிவு செய்தார். பொன்னம்மாளின் கால்? நெய்யூர் மருத்துவமனைக்கு அருகில் கைக்குழந்தைகளுக்கென ஒரு வீடு ஏற்படுத்தியபோது அதன் பொறுப்பு பொன்னம்மாளிடம் போயிற்று. பால் காய்ச்சுவது, இரவெல்லாம் விழித்திருப்பது, சீதபேதி வந்தபோது ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகளைச் சாகக் கொடுப்பது. அவர் அதை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று ஏமி மனமுருகிச் சொல்கிறார், நான் நம்புகிறேன். ஆனால் பேசுவதற்காக அடுக்களையிலிருந்து வெளியே வந்த பெண், மறுபடி அடுப்புக்கும் தொட்டிலுக்கும் திரும்பினார். இந்தமுறை அதற்குப் பெயர் ஊழியம். நெய்யூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது என்பதும், அந்தச் சொல்லின் பழைய பொருள் அந்த மண்ணில்தான் ஆழமாக இறங்கியிருந்தது என்பதும் வெறும் தற்செயல்தான். ஆனாலும் வாசிக்கும்போது மனம் அங்கே இடறுகிறது.

காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் உண்மை. அவர்கள் கையில் இருந்த சூட்டுத் தழும்பு உண்மை. அவர்களை விட்டுவிட்டு வண்டியில் ஏறியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொன்னம்மாளுக்கு அது இழப்பாக இருந்திருக்குமா என்று கேட்கக்கூட அந்த நூலில் இடமில்லை என்பதைச் சொல்கிறேன். ஏமியின் தயக்கம் பதிவாகியிருக்கிறது. பொன்னம்மாளின் சம்மதம் மட்டும் பதிவாகியிருக்கிறது. தயங்கத் தெரிந்தவருக்குத்தான் விசுவாசத்தில் வளர்ச்சி என்று ஒன்று உண்டு. தயக்கமே இல்லாதவராக எழுதப்படுபவர் புனிதராகலாம், கதைநாயகியாக முடியாது.

அருளாயி என்ற சிறுமியின் கதையையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கில வாசகர்களுக்கு அவள் ‘ஸ்டார்’. ஏமி நம் பெண்களின் பெயர்களை விண்மீனாகவும் பூவாகவும் மாற்றிவிடுவார். உறவினர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகவும் இருக்கலாம். ஆனால் அவளுடைய தங்கைக்கு அவர் வைத்த ‘மிமோசா’ என்ற பெயரைத் தமிழில் நினைத்தால் தொட்டாற்சுருங்கிதான் நினைவுக்கு வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தனியாக ஒரு நம்பிக்கையைக் காத்த பெண்ணுக்கு அது பொருந்தாது. அருளாயிக்கு வருவோம். பத்துப் பதினோரு வயதில் அவளுக்கு ஒரு சந்தேகம்: இத்தனை சாமிகளில் பெரிய சாமி எது? அதற்கு அவளே ஒரு பரீட்சை வைத்தாள். தனக்கு முன்கோபம் அதிகம். அந்தச் சுபாவத்தை எந்தச் சாமி மாற்றுகிறதோ அதுவே மெய்யான சாமி. கடவுளுக்குப் பரீட்சை வைக்கும் இந்தச் சிறுமியை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பெண்ணிடம் மாற வேண்டியது கோபம்தான் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சாமியைச் சோதிக்கும் துணிச்சலை எங்கிருந்து பெற்றாள்? அந்தக் கோபத்திலிருந்தல்லவா? கோபம் போனது என்று மகிழும் இடத்தில், பரீட்சை வைத்த அறிவும் அதோடு போய்விட்டதா என்று பக்கங்களைத் திருப்பித் தேடிக்கொண்டிருந்தேன்.

பெண்ணே தன் அழைப்பைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் பாமாவின் ‘கருக்கு’ இருக்கிறது. 1992இல் வந்தது. தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக வேலை செய்ய வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அந்த மடம் யாருக்காக நடக்கிறது என்று பார்த்து, வெளியே வந்தவர் பாமா. அழைப்பும் ஏமாற்றமும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. கடவுளை விட்டாரா, மடத்தை விட்டாரா என்பதையும் அவரே சொல்கிறார், வேறு யாரும் அவருக்காகச் சொல்லவில்லை. பொன்னம்மாளுக்கும் பாமாவுக்கும் இடையில் முக்கால் நூற்றாண்டு. அந்த இடைவெளியில் எத்தனை பைபிள் அம்மாக்கள், எத்தனை கன்னியர்கள்! 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, வே. சா. அசரியாவும் நண்பர்களும் தமிழர்களையே மிஷனரிகளாகத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பினார்கள். நம் வரலாறுகள் பெருமையோடு சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. கூடப்போன பெண்கள் ‘மனைவியுடன்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

என் மாணவி ஒருத்தி, முக்கூடல்காரி, எம்.ஏ. முடித்ததும் வடக்கே ஊழியத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தவள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். “ஒரு கால்கட்டப் போட்டுட்டா எல்லாம் சரியாயிரும்” என்று மாமா சொன்னாராம். எனக்கு ஊழியத்தில் நாட்டம் கிடையாது, அவளுக்கும் அது தெரியும். பொன்னம்மாளைப் பற்றி நான் வகுப்பில் பேசி முடித்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: “இவங்க வீட்ல எப்படி மேடம் விட்டாங்க?” வெள்ளைக்கார ஐயர் கேட்டால் மாமனார் வீடு மறுத்துப் பேச முடியாத காலம் என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன், அதையே சொன்னேன். “அப்போ எனக்கு யார் கேப்பா?” என்றாள். அவளுக்கு முன் உள்ள இரண்டு வழிகளில் எது விடுதலை என்று முடிவு சொல்ல என்னிடம் கோட்பாடு எதுவும் இல்லை. வண்டி எங்கே போகிறது என்பதை விட வண்டி இருக்கிறது என்பதுதான் இப்போது அவளுக்குப் பெரிதாகத் தெரிகிறது. பொன்னம்மாளுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்று அவள்தான் என்னை யோசிக்க வைத்தாள்.

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக, ஏமியின் நூல்களில் இந்தக் குழு ஊருக்குள் போகும் பக்கங்கள் சிலவற்றை மாணவிகளோடு தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வர்ணனை எல்லாம் எளிதாக வந்துவிடுகிறது. பேச்சுதான் மாட்டேன் என்கிறது. ஆங்கிலத்தில் விளிச்சொல் இல்லாமலே பேசிவிடலாம். திருநெல்வேலியில் முடியாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பொன்னம்மாள் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்? அக்கா என்றா, ஆச்சி என்றா, தாயி என்றா? ஒவ்வொன்றிலும் வயதும் சாதியும் நெருக்கமும் ஒட்டியிருக்கின்றன. நகையில்லாத, வெளியூர்க் கைம்பெண் எதைச் சொல்ல அனுமதி இருந்தது? அந்தப் பெண் திரும்ப இவரை ‘அம்மா’ என்றாளா, ‘ஏளா’ என்றாளா? அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து விட்டுவிட்டோம். முக்கூடல்காரி மட்டும் தன் நோட்டில் கோட்டின்மேல் பென்சிலால் ‘மதினி’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.